கைகுலுக்கல் இல்லாத ஒரு மாலை

அட்டாரி-வாகா எல்லையில் நடக்கும் கொடியிறக்க அணிவகுப்பை நேரில் பார்க்காதவர்கள்கூட வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விசிறி மடிப்பு வைத்த தலைப்பாகை, நெற்றி உயரத்துக்குப் போகும் பூட்ஸ் கால், முறுக்கிய மீசை, நடுவில் இரும்புக் கதவுகள். இந்தப் பக்கம் காக்கி, அந்தப் பக்கம் கறுப்பு. பார்த்ததும் சேவல் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் சேவல்களுக்கு ஒத்திகை கிடையாது. இங்கே உண்டு. இரண்டு கொடிகளும் ஒரே வேகத்தில் இறங்க வேண்டும், ஒன்று மற்றொன்றைவிட ஒரு சாண் உயரத்தில்கூட நின்றுவிடக் கூடாது. கதவுகள் ஒரே சமயத்தில் திறக்க வேண்டும். நமக்கு ஐந்தரை ஆகும்போது அவர்களுக்கு ஐந்து மணி. இரண்டு நேர மண்டலங்கள், ஒரே சூரியன், ஒரே நிகழ்ச்சி. நேர மண்டலக் குழப்பத்தில் சனிக்கிழமை ராத்திரிகளைத் தொலைத்த எந்த மென்பொருள்காரனுக்கும் இது லேசான வேலை இல்லை என்று தெரியும். எதிரியோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளாமல் இப்படி முறைத்துக்கொள்ள முடியாது.

இரண்டு கணினிகள் தகவல் பரிமாறத் தொடங்கும் முன் செய்துகொள்ளும் சம்பிரதாயத்துக்கு எங்கள் துறையில் 'ஹேண்ட்ஷேக்' என்று பெயர். நான் இருக்கேன், நீ இருக்கியா, சரி ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான். வாகாவில் அது உவமை இல்லை. இத்தனை உதைக்கும் உறுமலுக்கும் நடுவே கதவைத் திறந்து நிஜமாகவே கைகுலுக்குவார்கள். குலுக்கினார்கள் என்று எழுத வேண்டும். 2025 ஏப்ரலில் அது நின்றுபோனது.

நானும் மனைவியும் 2025 அக்டோபரில் அமிர்தசரஸ் போனோம். மாலையில் அட்டாரி, இரவில் கேசர் தா தாபாவில் சாப்பாடு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். பொற்கோவிலுக்குத் தனியாக ஒரு நாள் என்று அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். என் காரணம் எளிது: அந்த அணிவகுப்பும் அந்தச் சாப்பாட்டுக் கடையும் ஒரே கோட்டுக்குப் பிறந்தவை. கடை கோட்டைவிட முப்பத்தொரு வயது மூத்தது என்றாலும், அது அமிர்தசரஸில் இருப்பதற்குக் காரணம் அந்தக் கோடு.

*

கோடு போட்டவரின் கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிரில் ராட்கிளிஃப் லண்டனில் பெரிய வழக்கறிஞர். இந்தியாவுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. 1947 ஜூலை 8 அன்று டெல்லியில் இறங்கினார். பஞ்சாபையும் வங்காளத்தையும் வகுந்து கொடுக்க அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். ஒரு செயலியை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவே நாங்கள் ஆறு மாதம் கேட்போம். கோடு ஆகஸ்ட் 12, 13 வாக்கிலேயே தயாராகிவிட்டது, ஆனால் வெளியிடப்பட்டது 17-ஆம் தேதி. அதாவது சுதந்திரம் வந்து இரண்டு நாள் வரைக்கும், தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று லட்சக்கணக்கான பஞ்சாபிகளுக்கு அதிகாரபூர்வமாகத் தெரியாது.

லாகூரையும் அமிர்தசரஸையும் பிரிப்பது ஐம்பது கிலோமீட்டர். சென்னையிலிருந்து செங்கல்பட்டு தூரம். லாகூரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்துக்களும் சீக்கியர்களும். அமிர்தசரஸில் ஏறக்குறைய பாதிப் பேர் முஸ்லிம்கள். ஒரு ஊரில் துணி வாங்கி இன்னொரு ஊரில் தைத்துக்கொண்டவர்கள். லாகூரை முதலில் இந்தியாவுக்குக் கொடுத்திருந்ததாகவும், பிறகு பாகிஸ்தானுக்குப் பெரிய நகரமே இல்லாமல் போகிறதே என்று மாற்றியதாகவும் ராட்கிளிஃப் தன்னிடம் சொன்னார் என்று பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பதிவு செய்திருக்கிறார். நய்யாரின் சொந்த ஊர் சியால்கோட், அந்தப் பக்கம் போன ஊர். அவர் தன் கடைசிக் காலம்வரை ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஆட்களைத் திரட்டி வந்து இதே வாகா கதவருகே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

நிலத்தைப் பிரிப்பது ஒரு கொடுமை என்றால் பொருளைப் பிரிப்பது இன்னொரு வகைக் கூத்து. ரொக்கத்திலும் கடனிலும் பாகிஸ்தானுக்கு 17.5 சதவீதம். அரசு அலுவலகங்களின் மேசை, நாற்காலி, தட்டச்சுப் பொறி வகையறா எண்பதுக்கு இருபது. லாகூர் போலீஸ் பேண்டு வாத்தியங்களைப் பங்கு போட்டபோது கடைசியில் ஒரே ஒரு டிராம்போன் மிஞ்ச, அதற்காக இரண்டு அதிகாரிகள் கைகலப்பில் இறங்கினார்கள் என்று காலின்ஸும் லாப்பியரும் 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூலில் எழுதியிருக்கிறார்கள். அந்த நூலில் மசாலா தூக்கல் என்று வரலாற்றாசிரியர்கள் குறைபடுவதுண்டு. ஆனால் பாகப்பிரிவினை நடந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த டிராம்போன் கதையை நம்புவதில் சிரமம் இருக்காது. எங்கள் வீட்டில் அது ஒரு ஆட்டுரல்.

வைஸ்ராயின் தங்க முலாம் பூசிய சாரட்டு வண்டிக்கும் இதே பஞ்சாயத்து. யாருக்கு என்று முடிவாகாமல் காசு சுண்டிப் போட்டார்களாம், இந்தியா ஜெயித்ததாம். மெய்க்காவல் படையில் அதுவரை ஒன்றாக இருந்த இரண்டு அதிகாரிகள்தான் காசைச் சுண்டியவர்கள் என்று அந்தக் கதை போகிறது. 2024 குடியரசு தின விழாவுக்கு ஜனாதிபதி திரௌபதி முர்முவும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் வந்து இறங்கியது அந்த வண்டியில்தான்.

ராணுவத்தைப் பிரித்தது இதையெல்லாம்விடச் சிக்கல். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, சிப்பாய்கள் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடக் கூடாது என்று பயந்த வெள்ளைக்காரர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பல படைப்பிரிவுகளில் ஒரு கம்பெனி சீக்கியர், ஒரு கம்பெனி பஞ்சாபி முஸ்லிம், ஒரு கம்பெனி டோக்ரா என்று கலந்துகட்டி வைத்தார்கள். ஒருவர் முறுக்கினால் இன்னொருவரை வைத்து அடக்கலாம். கணக்கு அப்படி. ஆனால் தொண்ணூறு வருஷமாக ஒரே லங்கரில் பக்கத்துப் பக்கத்தில் சாப்பிட்டு, இரண்டு உலகப் போர்களில் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் கணக்குப்படியா நடப்பார்கள்? 1947-ல் அந்தக் கலவையைச் சில வாரங்களில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சுமார் நான்கு லட்சம் பேர், ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். இந்தியாவுக்கு வந்த ரெஜிமெண்டிலிருந்து முஸ்லிம் கம்பெனி கழன்று அங்கே போகும், அங்கேயிருந்து ஒரு இந்து அல்லது சீக்கியக் கம்பெனி இங்கே வரும். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரே கோட்பேஸ், இரண்டு கிளைகள். வாகாவில் இரண்டு பக்கமும் அதே 'அட்டென்ஷன்', அதே திரும்புதல், அதே கால் வீச்சு என்று ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கவில்லை. ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்.

1947 ஆகஸ்ட் 6 அன்று டெல்லி ஜிம்கானா கிளப்பில், பாகிஸ்தானுக்குப் போகிற அதிகாரிகளுக்கு இந்தியாவில் தங்குகிறவர்கள் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். பிரிகேடியர் கரியப்பா (பிற்பாடு தளபதியானவர்) அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வெள்ளிச் சிலையைப் பரிசளித்தார். ஒரு இந்துச் சிப்பாயும் ஒரு முஸ்லிம் சிப்பாயும் தோளோடு தோள் நிற்கிற சிலை. மூன்று மாதத்துக்குள் அந்த விருந்தில் இருந்தவர்களின் படைகள் காஷ்மீரில் எதிரெதிரே நின்றன.

*

கோடு விழுந்தவுடன் வாகாவில் கதவும் வரவில்லை, கம்பும் வரவில்லை. வந்தது ஜனம். ஒன்றேகால் கோடியிலிருந்து ஒன்றரைக் கோடி பேர் இடம்பெயர்ந்தார்கள் என்கிறார்கள். செத்தவர்கள் இரண்டு லட்சம் என்பாரும் உண்டு, பத்து லட்சத்துக்கு மேல் என்பாரும் உண்டு. அவ்வளவு பெரிய இடைவெளியிலேயே எண்ணக்கூட ஆளில்லை என்பது தெரிகிறது. ஷெர்ஷா சூரி காலத்துச் சாலை, கல்கத்தாவிலிருந்து பெஷாவர்வரை போகிற கிராண்ட் டிரங்க் ரோடு, அப்போது இரண்டு திசையிலும் நடக்கிற அகதிகளால் நிரம்பி வழிந்தது.

அக்டோபர் 11 அன்று இரண்டு பிரிகேடியர்கள் அந்தச் சாலையில் சந்தித்தார்கள். இந்தியத் தரப்பில் மொஹிந்தர் சிங் சோப்ரா, பாகிஸ்தான் தரப்பில் நசீர் அகமது. ஏற்கெனவே ஒரே ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பக்கமும் சில கூடாரங்கள், அந்தந்த நாட்டு வண்ணம் பூசிய காவல் கூண்டு, இரண்டு கொடிக்கம்பம், அகதிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு தூக்குக் கதவு. இன்றைக்கு ஸ்டேடியம்போல நிற்கிற அந்த இடத்தின் முதல் வடிவம் இவ்வளவுதான். ஒரு விஷயத்தை இங்கே நிறுத்தி யோசிக்கலாம். அந்தக் கதவு யாரையும் தடுப்பதற்காக வைத்ததில்லை. வருகிற ஜனத்தை நெரிசலில்லாமல் உள்ளே விடுவதற்காக வைத்தது.

வாகா என்பது அந்தப் பக்கம் போன கிராமத்தின் பெயர். நம் பக்கக் கிராமம் அட்டாரி. 1846-ல் சோப்ராவோன் போரில் ஆங்கிலேயரோடு மோதிச் செத்த சீக்கியத் தளபதி ஷாம் சிங் அட்டாரிவாலாவின் ஊர். ஆனாலும் நாம் ரொம்ப காலம் நம் பக்கத்தையும் 'வாகா' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். 2007-ல்தான் இந்தியப் பக்கச் சாவடிக்கு அட்டாரி என்று பெயர் வைத்தார்கள். ஆட்டோக்காரர்கள் இன்னும் 'வாகா, வாகா' என்றுதான் கூவுகிறார்கள்.

அணிவகுப்பு 1959-ல் தொடங்கியது. அப்போது பி.எஸ்.எஃப். என்ற படையே கிடையாது, அது உருவானது 1965 போருக்குப் பிறகு, அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று. மாலையில் கொம்பூதிப் படைகளைக் கூடாரத்துக்குத் திரும்ப அழைக்கிற பழைய ஐரோப்பிய வழக்கம்தான் இதன் மூலம். 'பீட்டிங் ரிட்ரீட்' என்ற பெயர் அங்கேயிருந்து வந்தது. இன்று போதும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற சங்கு. கால் தூக்குவதும் மீசை முறுக்குவதும் பின்னால் சேர்ந்த உருப்படிகள். 2010-ல் இரண்டு தரப்பும் பேசி முறைப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டன. அதே வருஷம் இந்தியப் பக்கம் பெண் காவலர்கள் அணிவகுப்பில் சேர்ந்தார்கள். குறைத்த முறைப்பு வேறு இடத்தில் வெளியே வந்தது: 2017 மார்ச்சில் இந்தியா 360 அடிக் கொடிக்கம்பம் நட்டது, ஆகஸ்டில் பாகிஸ்தான் 400 அடி நட்டது, 2023-ல் இந்தியா 418 அடிக்குப் போனது. உருண்டோடும் பந்தாக இருந்தால் எங்கேயாவது நிற்கும். கம்பத்துக்கு வானம்தான் எல்லை.

*

நாங்கள் போனபோது நல்ல கூட்டம். பை கொண்டுபோகக் கூடாது, பவர்பேங்கும் கூடாது. கேலரியில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் ராஜஸ்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மறுபக்கம் குஜராத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம், கன்னத்தில் மூவர்ணம். பெண்கள் இறங்கிச் சாலையில் சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். மைக் பிடித்த ஒரு ஜவான், சத்தம் போதாது, லாகூர்வரை கேட்க வேண்டும் என்று உசுப்பிக்கொண்டிருந்தார். ஐ.பி.எல். மேட்சில் பாதி, அரசியல் பொதுக்கூட்டத்தில் பாதி. நான் கத்தினேன். கத்துவது சுகமாகவே இருந்தது. இருபதாயிரம் தொண்டையோடு சேரும்போது நம் தொண்டைக்கு ஒரு பலம் வருகிறது, அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அவள் கத்தவில்லை. கைதட்டினாள், கொடிக்கு எழுந்து நின்றாள், அவ்வளவுதான்.

"நீ கத்தலையா?"

"எங்க தாத்தா பதினேழு வருஷம் ஆர்மில இருந்தாரு. ஒரு நாள்கூட வீட்டுல இப்படிக் கத்துனதில்ல."

அவள் ஊர் வேலூர்ப் பக்கம். வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவதைப் பெரிய விஷயமாகப் பேசிக்கொள்ளாத ஊர்கள் அங்கே நிறைய. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். தாத்தா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1965-ல் பஞ்சாப் எல்லையில் இருந்தார். அதைப் பற்றிக் கேட்டால் குளிரைப் பற்றியும் கோதுமை ரொட்டி பிடிக்காமல் கஷ்டப்பட்டதைப் பற்றியும் சொல்வாராம். எதிரியைப் பற்றிக் கேட்டால், "அவனும் காலைல ஆறு மணிக்கு பி.டி. பண்றவன்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுமாம். சண்டைக்குப் போகாதவன்தான் கத்துவான் என்று அவள் சொல்லவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் சத்தம் கொஞ்சம் இறங்கியது என்னவோ வாஸ்தவம்.

வீரர்கள் ஒவ்வொருவராகக் கதவை நோக்கி விரைந்து போய் காலை உயர்த்தி அறைந்தார்கள். அந்தப் பக்கமும் அதே. கம்பிகளுக்கு நடுவே கறுப்பு உடுப்பு தெரிந்தது, அதற்குப் பின்னால் அவர்களுடைய கேலரி, அங்கேயும் குடும்பம் குடும்பமாக மக்கள். 2014 நவம்பர் 2 அன்று அந்தப் பக்கத்துக் கூட்டம் அணிவகுப்பு முடிந்து கலையும்போதுதான் தற்கொலைப் படையாள் ஒருவன் குண்டு வெடித்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். இதே மாதிரி பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

கொடிகள் இறங்கின. கதவு திறக்கவில்லை. கைகுலுக்கல் இல்லை. முன்பு பார்த்திராதவர்களுக்கு ஏதோ குறைவதே தெரியாது; குஜராத் குடும்பம் திருப்தியாக எழுந்து போனது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் போன எனக்கு அது பாட்டின் கடைசி வரியை யாரோ வெட்டிவிட்டது போலிருந்தது. அந்தக் கைகுலுக்கல் அரை நொடிதான். விறைப்பாகத்தான் இருக்கும். சிரிப்புக்கூட இருக்காது. ஆனால் அவ்வளவு நேரம் முறைத்ததெல்லாம் ஒரு ஒப்பந்தத்துக்குள் நடந்தது என்பதற்கு அந்த அரை நொடிதான் சாட்சி.

நிறுத்தியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அட்டாரிச் சாவடியை மூடுவதாக அரசு அறிவித்தது. அணிவகுப்பில் கதவு திறப்பதும் கைகுலுக்கலும் நின்றன. மே மாதச் சண்டையின்போது சில நாட்கள் மக்கள் பார்க்கவே முடியாமல் போனது. அந்தக் கொலைகளுக்குப் பிறகு யாருக்குத்தான் கை நீட்ட மனம் வரும் என்று கேட்டால் என்னிடம் எதிர்வாதம் கிடையாது. ஆனால் ஏப்ரல் கடைசியில் அதே கதவருகே நடந்த இன்னொன்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. பாகிஸ்தானில் வாழ்க்கைப்பட்டு, தாய்வீடு பார்க்க வந்திருந்த பெண்கள். இவர்களிடம் இந்தியப் பாஸ்போர்ட், பிள்ளைகளிடம் பாகிஸ்தான் பாஸ்போர்ட். பிள்ளைகள் போகலாம், அம்மா போக முடியாது என்று நிறுத்தப்பட்டு, காருக்குள் உட்கார்ந்து அழுத குடும்பங்களின் படங்கள் அப்போது வந்தன. கணவன் அந்தப் பக்கம் காத்திருக்கிறான். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஒரு சர்வதேச எல்லை.

இந்தக் கதவு தமிழ்நாட்டுக்குப் பரிச்சயமானது 2019 மார்ச் 1 அன்று. விங் கமாண்டர் அபிநந்தன் வருகிறார் என்று அன்று முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாலை போய் இரவு ஒன்பது தாண்டிய பிறகுதான் அந்தக் கதவு வழியாக நடந்து வந்தார். அன்று இந்தியப் பக்கம் கொடியிறக்க நிகழ்ச்சியை ரத்து செய்திருந்தார்கள். அப்போது யாரும் அதைத் தவறவிட்டதாக வருத்தப்படவில்லை. கதவு திறந்தது, அது போதுமாக இருந்தது.

*

அன்று காலையில் டவுன்ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். 2017-ல் திறந்தது. சாவிகள், டிரங்குப் பெட்டிகள், ரேஷன் சீட்டுகள். அங்கே ஒரு பூ வேலைப்பாடு செய்த புல்காரி மேல்சட்டையும் ஒரு தோல் கைப்பெட்டியும் இருக்கின்றன. சட்டை ஒரு பெண்ணுடையது, அவள் குஜ்ரன்வாலாவிலிருந்து தப்பி வந்தவள். பெட்டி ஒரு ஆணுடையது, அவனுடைய சகோதரர்கள் மூன்று பேரைக் கொன்றுவிட்டார்கள். கலவரத்துக்கு முன்பே இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. பிறகு யார் எங்கே என்றே தெரியாது. அமிர்தசரஸ் அகதி முகாமில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 1948-ல் கல்யாணம் நடந்தது.

அவள் அந்தக் கண்ணாடிப் பேழை முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்த வரிசைல என்ன சாப்பாடு போட்டிருப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆனால் பருப்பும் ரொட்டியுமாக இருந்திருக்கும் என்பது பஞ்சாபைத் தெரிந்த யாரும் சொல்லக்கூடியது.

*

அட்டாரியிலிருந்து ஊருக்குள் திரும்ப முப்பது கிலோமீட்டர். பாஸியான் சௌக்குக்குக் கார் போகாது. சைக்கிள் ரிக்‌ஷாவும் ஒரு கட்டத்துக்கு மேல் முனகுகிறது. துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் தாண்டி ஒரு சந்துக்குள் கேசர் தா தாபா. வாசலிலேயே அடுப்படி. பிரியாணி தேக்சா அளவுக்கு ஒரு பாத்திரத்தில் கறுப்பாக ஏதோ மெதுவாகக் குமிழிட்டுக்கொண்டிருந்தது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. உட்காரும் மேசைகளும் அப்படித்தான்.

லாலா கேசர் மல்லும் அவர் மனைவி பார்வதியும் 1916-ல் இந்தக் கடையைத் தொடங்கியது லாகூருக்கு அப்பால் இருக்கும் ஷேக்குபுராவில். லாலா லஜ்பத் ராய், நேரு எல்லாம் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. பழைய கடை எதுவாக இருந்தாலும் நேரு ஒரு தடவை சாப்பிட்டிருப்பார் என்பது வட இந்திய விதி, அதை விட்டுவிடலாம். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஆரம்பம்தான். கணவன் மனைவி இரண்டு பேர் சேர்ந்து போட்ட கடை. அதை 1947-ல் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஷேக்குபுரா மாவட்டத்தில்தான் குரு நானக் பிறந்த நன்கானா சாஹிப் இருந்தது. அதற்காகவாவது இந்தியாவுக்கு வரும் என்று சீக்கியர்கள் நம்பினார்கள், வரவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஷேக்குபுராவில் இந்துக்களையும் சீக்கியர்களையும் கொன்று குவித்தது அந்த வருஷத்தின் மிகக் கொடூரமான சம்பவங்களில் ஒன்று. அதே வாரங்களில் இந்தப் பக்கம், அமிர்தசரஸில், முஸ்லிம் தெருக்கள் எரிந்தன. சதத் ஹசன் மண்ட்டோ வளர்ந்து படித்த ஊர் இது. 1948-ல் லாகூர் போனவர் அங்கேயே 1955-ல் இறந்தார். ராமானுஜம் மொழிபெயர்ப்பில் 'டோபா டேக் சிங்' படித்திருப்பவர்களுக்குத் தெரியும், அந்தக் கதையில் பைத்தியக்காரர்களை மாற்றிக்கொள்கிற இடம் வாகா.

கடையைத் தூக்கி வருவது என்றால் என்ன? சுவரைத் தூக்க முடியாது, வாடிக்கையாளர்களைத் தூக்க முடியாது, அடுப்பைக்கூட முடியாது. எவ்வளவு உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்குவத்தில் நெய், எத்தனை மணி நேரம் கிளறாமல் விட வேண்டும், இவற்றை மட்டும்தான் கொண்டுவர முடியும். ராட்கிளிஃப் ஆணையத்திலும் சொத்துப் பிரிப்புப் பட்டியலிலும் வராத சரக்கு. இப்படி வந்தவர்கள் நிறைய. பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் குழுவினர் டெல்லி தரியாகஞ்சில் மோதி மஹால் தொடங்கினார்கள். பட்டர் சிக்கனும் தால் மக்கனியும் யார் கண்டுபிடித்தது என்று 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போட்டுக்கொண்டார்கள். தெருவுக்குப் பொதுவாக இருந்த தந்தூர் அடுப்பு உணவகத்துக்குள் குடியேறியதில் பஞ்சாப் அகதிகளுக்குப் பெரிய பங்கு. இன்று கோவில்பட்டி பைபாஸில் பரோட்டாவுக்குப் பக்கத்தில் 'பட்டர் நான், பனீர் பட்டர் மசாலா' என்று போர்டு தொங்குகிறதே, அந்த மெனு நம்மூர்வரை வந்த பாதையில் வாகாவும் ஒரு நிறுத்தம்.

நாங்கள் மா கி தால் கேட்டோம், லச்சா பராத்தா கேட்டோம். தால் இரவு முழுக்க, பன்னிரண்டு மணி நேரம் சிறு தணலில் கிடக்கிறது. முழுக் கறுப்பு உளுந்து. மேலே நெய் ஒரு விரல் உயரத்துக்கு மிதந்தது. அவள் ஒரு வாய் வைத்துவிட்டு,

"இது நம்ம உளுந்துதானே? இட்லிக்குப் போடுறது."

"தோலோட. எங்க ஊர்ல உளுந்தஞ்சோறு செய்வாங்கல்ல, அதே உளுந்து."

"உங்க ஊர்ல அர மணி நேரத்துல இறக்கிடுவீங்க."

திருநெல்வேலிக்காரனுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்தது. ஆனால் உண்மை. நாம் உளுந்தை ஊறவைத்து, ஆட்டி, புளிக்கவைத்து பொறுமையைக் காட்டுகிறோம். இவர்கள் அடுப்பில் காட்டுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பருப்பு தன் வடிவத்தைக் கிட்டத்தட்ட விட்டுக்கொடுத்துவிடுகிறது. கரண்டியில் எடுத்தால் தனித்தனியாகத் தெரியும், நாக்கில் வைத்தால் தெரியாது. பராத்தா அடுக்கு அடுக்காக நொறுங்கியது. அடுத்த மேசையில் காலையில் கன்னத்தில் பூசிய மூவர்ணம் பாதி அழிந்த ஒரு பையன், அப்பாவின் தட்டிலிருந்து எடுத்து எடுத்துத் தின்றான். அவர்களும் அட்டாரியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பரிமாறிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. இவள் நொய்டாவில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள், இந்தி சரளம். அவனிடம் கேட்டாள்: இந்தக் கடை முதலில் ஷேக்குபுராவில் இருந்ததாமே, அந்தப் பழைய இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

அவன் முகம் சட்டென்று மலர்ந்தது. "ஷேக்புராவா? எங்க ஊருக்குப் பக்கம்தான் தீதி. நான் நவாதா."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பீகாரில் ஷேக்புரா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது, நவாதாவை ஒட்டி. அவள் அவனைத் திருத்தவில்லை. ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா, இரண்டு தங்கை என்றான். இந்த மாதக் கடைசியில் சட் பூஜை வருகிறது, ரயிலில் டிக்கெட்டே இல்லை, வெயிட்டிங் லிஸ்ட் இருநூறைத் தாண்டிவிட்டது, தத்காலில் முயற்சி செய்யலாமா என்று கேட்டான். அவள் ஃபோனை எடுத்து ரயில் நம்பரைக் கேட்டாள். அவன் கையை வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டு எங்கள் மேசையிலேயே குனிந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தான். உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போகிற போக்கில், கேட்காமலே, என் தட்டில் இன்னொரு பராத்தாவைப் போட்டுவிட்டுப் போனான்.